சாகாத சுண்டெலிகள்

குன்னூர்
19.11.2000

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு மூக்கடைப்பைத் தவிர வேறு குறையில்லை. குன்னூரில் நவம்பர் மாதம் அதுவும் இல்லையென்றால்தான் டாக்டரிடம் ஓட வேண்டும். உனக்கு எப்படி இருக்கிறது? மாமாவின் முதுகுவலி தேவலையா? வர்ஷா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை இன்னும் சோற்றை ஓரமாக ஒதுக்கி வைத்துக் கணக்குக் காட்டுகிறாளா?

உங்கள் எஸ்டேட் ஆபீஸுக்குப் போன் போட்டால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்கிறாள் ஒருத்தி, அதுவும் சந்தோஷமாக. கம்பெனி பில் கட்டவில்லை என்று இங்கே ஒரு டீ வியாபாரி சொன்னார். ஊட்டியைத் தாண்டி ஒரு மலை இறங்கினால் நாடுகாணி. அங்கே இருக்கிற அக்காவிடம் பேச எனக்குத் தபால்காரர் வேண்டியிருக்கிறது. நேரில் வரலாமென்றால் என் சுண்டெலிகள் விடுவதில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று மேட்டுப்பாளையத்தில் அம்மாவுக்கு இன்றுவரை புரியவில்லை, உனக்காவது சொல்கிறேன். மூளைக்காய்ச்சல் வைரஸை வெள்ளைச் சுண்டெலியின் மூளைக்குள் ஊசியால் ஏற்றுகிறேன். பிறகு காலையும் மாலையும் போய் எது சோர்ந்தது, எதற்கு முடி சிலிர்த்தது, எது செத்தது என்று பார்க்கிறேன். ஞாயிறு, தீபாவளி எதுவும் அவற்றுக்குக் கிடையாது. ஆகவே எனக்கும் கிடையாது.

விஷயத்துக்கு வருகிறேன். வர்ஷா இந்த வருடத்தோடு ஐந்தாவது முடிக்கிறாள். எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் அதற்கு மேல் வகுப்பில்லை. ஜூன் மாதம் நீயும் அவளும் இங்கே வந்துவிடுங்கள். என் வாடகை அறையில் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு வைக்கிறேன். தேயிலை விலை விழுந்ததைப் பேப்பரில் படிக்கும்போதெல்லாம் உங்கள் ஞாபகம்தான் வருகிறது. மாமாவுக்குச் சம்பளம் வருகிறதா? ஒரே வார்த்தையில் பதில் எழுது.

வர்ஷாவுக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை
இந்து


நாடுகாணி
10.12.2000

அன்புத் தங்கை இந்துவுக்கு ஜோதிமணி ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

இங்கே மூவரும் சௌக்கியம். முதுகுவலி வந்தால் வருகிறது, போனால் போகிறது. வர்ஷா இப்போது சோற்றை ஒதுக்குவதில்லை, தட்டைக் கழுவ வேண்டிய அவசியமே இல்லாமல் சாப்பிடுகிறாள். நீ மூக்கடைப்போடு தலைக்குக் குளிக்காதே. எலிகளுக்கு ஊசி போடுகிறவளுக்குக் கல்யாணம் எப்படி ஆகும் என்று அம்மா எனக்கு எழுதியிருக்கிறாள். எலிகளே ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துத் தரும் என்று பதில் போட்டிருக்கிறேன்.

ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடுகிறது. ஓடாத நாளிலும் உன் மாமா ஷூவைத் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விடுகிறார். தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீ மேக்கர் வராவிட்டால் ஃபேக்டரிக்கு என்ன மரியாதை என்கிறார். அங்கே போய் மெஷின்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு மத்தியானம் வருகிறார்.

கிளார்க் சில்வஸ்டரை உனக்கு ஞாபகம் இருக்கும், வர்ஷாவின் காதுகுத்துக்கு மேஜிக் செய்து காட்டினாரே. பொறுத்துப் பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு கோயம்புத்தூருக்குப் போனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ததால் வேலையை அவராகவே விட்டதாக அர்த்தம் என்று கம்பெனி கடிதம் அனுப்பிவிட்டது. இத்தனை வருடம் உழைத்ததற்குச் சேர வேண்டியது எதுவும் கிடையாது. இழுத்து மூடினால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், அதனால்தான் மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்று லேபர்கள் பேசிக்கொள்கிறார்கள். அதிலிருந்து ஸ்டாஃப் லைனில் யாரும் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குக்கூடப் போவதில்லை.

வர்ஷாவின் படிப்பைப் பற்றி உன் மாமாவிடம் கேட்டேன். “சீசன் வரட்டும் புள்ள, ஊட்டி கான்வென்ட்டுலயே சேத்துப் போடறேன்” என்றார். நீ கேட்டதற்குப் பதிலை அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். தபால் எடுத்துப் போகிற ஜீப் ஹாரன் அடிக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜோதி


குன்னூர்
7.1.2001

அக்காவுக்கு,

புது வருடத்தில் எல்லோரும் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். என் மூக்கடைப்பு போய் இருமல் வந்திருக்கிறது.

ஒரே வார்த்தை கேட்டேன், நீ ஜீப் ஹாரனை அனுப்பியிருக்கிறாய். அதுவே எனக்குப் பதில்.

இங்கே எனக்கு ஒரு புதுக் கஷ்டம். என் சுண்டெலிகள் சாக மறுக்கின்றன. சிரிக்காதே. இந்த வைரஸ் ஏறினால் ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது, போன வருடம் என் கையாலேயே அப்படித்தான் நடந்தது. இப்போது பாதிக்கு மேல் உட்கார்ந்து தானியம் கொறிக்கின்றன. சில பின்னங்காலை இழுத்துக்கொண்டு கூண்டைச் சுற்றி வருகின்றன. என் கைடு டாக்டர் ஜஸ்டஸ் கூண்டைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், இரக்கப்பட்டுத் தண்ணீரை ஏற்றிவிட்டாயா என்று கேட்கிறார். என் உதவித்தொகை சீக்கிரம் முடிகிறது. அதற்குள் இவை செத்துக் காட்டாவிட்டால் என் படிப்பு செத்தது. எலிக் கூண்டுகளைக் கழுவுகிற தெய்வம்மா மட்டும் ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள், பிழைத்தவற்றுக்கு ரகசியமாகக் கேரட் போடுகிறாள்.

இன்னொன்று. உன் இன்லண்ட் ஓரத்தில் கறுப்பாகக் கறை, விரல் வைத்த இடமெல்லாம். மை கொட்டினாயா? எழுத்தும் கோணலாக இருக்கிறது. நமக்குள் அழகான கையெழுத்து உனக்குத்தான் என்று பேர்.

பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்துவிட்டேன். மே மாதத்துக்குள் உறுதி சொல்ல வேண்டுமாம்.

உடனே எழுது.

இந்து


நாடுகாணி
14.2.2001

அன்பு இந்துவுக்கு,

இருமலுக்கு மிளகும் பனங்கற்கண்டும் சாப்பிடு. இங்கே வர்ஷாவுக்குக் காய்ச்சல் வந்து இப்போது சுத்தமாகச் சரியாகிவிட்டது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், வேறொன்றுமில்லை.

கறை வாழைக்காய்க் கறை. உரித்த கையோடு எழுதினேன்.

நீ எழுதியதை உன் மாமாவிடம் படித்துக் காட்டினேன். “நமக்கு என்ன கொறச்சல்? ஊட்டுல அரிசி இருக்குது, பருப்பு இருக்குது. சமாளிச்சுட்டுத்தானே இருக்கறோம்? இந்துவே ஒண்டிக் கட்டையா வாடகை ரூம்புல இருக்கறா, அவ தலைல புள்ளையக் கொண்டு போயி வெக்கறதா?” என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். அரிசிப் பானையைத் திறந்து எனக்குக் காட்டினார், இந்து. நான் அதை மூடி வைத்தேன்.

சாகாத எலிகளுக்காக நீ அழாதே. கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.

கை வலிக்கிறது, இத்துடன் நிறுத்துகிறேன்.

ஜோதி


குன்னூர்
4.3.2001

அக்கா,

இருமல் நின்றுவிட்டது, உன் மிளகுக்கு நன்றி. உன்னுடைய சுகத்தைப் பற்றிக் கடைசியில் கேட்கிறேன், முதலில் என் கதை.

சுண்டெலிகள் ஏன் சாகவில்லை என்று கண்டுபிடித்துவிட்டேன். வைரஸ் வலுவிழந்துவிட்டதோ என்று பயந்து, எவ்வளவு வலு மிச்சம் என்று அளக்க அதை நன்றாக நீர்க்கவைத்து ஏற்றிப் பார்த்தேன். எல்லாம் செத்துப் போயின. நீர்க்காமல் கெட்டியாக ஏற்றியவை பிழைத்தன. நன்றாகக் கவனி, குறைத்துக் கொடுத்தால் சாகிறது, அள்ளிக் கொடுத்தால் பிழைக்கிறது! டாக்டர் ஜஸ்டஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் ஆச்சரியப்படுவது அப்படித்தான்.

தப்பு என்னுடையது. ஒரு தொகுதி எலியிலிருந்து எடுத்த வைரஸை அடுத்த தொகுதிக்கு மாற்றும்போது ஒவ்வொரு முறையும் நீர்க்க வேண்டும். எங்கே வீரியம் போய்விடுமோ என்ற பயத்தில் நான் நீர்க்காமலே மாற்றிக்கொண்டு வந்தேன். பாலுக்குப் பெரை ஊற்றுகிற மாதிரிதான். சொட்டு விட்டால் தயிர் உறையும். பயந்துகொண்டு கரண்டி கரண்டியாக ஊற்றினால் புளித்து நூலாக இழுக்கும். அப்படி நெருக்கியடித்து வளர்கிற வைரஸில் அரைகுறைகள் பிறந்துவிடுகின்றன. உடலில் பாதி இல்லாத வைரஸ்கள். அவற்றால் தனியாகப் பிழைக்க முடியாது. முழு வைரஸ் புகுந்த இடத்தில் கூடவே புகுந்து, அது செய்து வைத்ததை எடுத்துத்தான் பெருகும். அதனால் முழு வைரஸால் தன் வேலையை முடிக்க முடிவதில்லை. எலியும் சாவதில்லை. நீர்க்கவைத்தால் அரைகுறைகள் முழு வைரஸோடு சேராமல் சிதறிப் போகின்றன, முழு வைரஸ் தன் வேலையை முடித்துவிடுகிறது.

இப்போது உன் கதை. நேற்று பஸ்ஸில் என் பக்கத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாள் உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்கக் கையை நீட்டினாள். விரலெல்லாம் உன் வாழைக்காய்க் கறை. அக்கா, நீ கொழுந்து பறிக்கப் போகிறாயா?

எனக்குப் பொய் எழுதாதே. உடம்பு எப்படி இருக்கிறது?

இந்து


நாடுகாணி
29.3.2001

இந்துவுக்கு,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. விரல் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவுகிறேன்.

போகிறேன். ஐப்பசியிலிருந்து போகிறேன். எங்கள் எஸ்டேட்டில் இல்லை, ஓடைக்கு அந்தப் பக்கம் ரோஸ்மேரி சேச்சியின் தோட்டத்தில். அவளுக்கு மூட்டு வலி, பிள்ளைகள் இரண்டு பேரும் துபாயில். இந்த விலைக்கு ஆள் வைத்துப் பறிக்கவும் கட்டாது, பறிக்காமல் விட்டால் செடி காடாகிவிடும். கூலிக்குப் பதிலாக அரிசியும் கப்பைக் கிழங்கும் தருகிறாள். முதல் நாள் என்னைப் பார்த்து, “மோளே, டீ மேக்கரோட பாரியாள் இது செய்யலாமோ?” என்று கேட்டாள். அன்று அழுதேன். அதற்குப் பிறகு அழ நேரமில்லை.

உன் மாமாவுக்குத் தெரியாது. அவர் ஃபேக்டரிக்குக் கிளம்பிய பிறகு போய், வருவதற்குள் வந்துவிடுகிறேன். எஸ்டேட் கடையில் இன்னும் கடனுக்குச் சாமான் தருகிறார்கள் என்று நினைக்கிறார். கடைக்காரர் எப்போதோ கையை விரித்துவிட்டார். சம்பளம் ஓணத்தோடு நின்றது. நீ கேட்ட ஒரு வார்த்தை இதுதான்.

நான் சொல்லிவிட்டால் அவர் எதைப் பிடித்துக்கொண்டு ஷூ போடுவார்? நல்ல மனுஷர், இந்து. குடிக்கவில்லை, அடிக்கவில்லை. கெட்டவராக இருந்திருந்தால் வர்ஷாவைத் தூக்கிக்கொண்டு என்றைக்கோ வந்திருப்பேன். இந்தக் குவார்ட்டர்ஸின் நாலு சுவருக்குள் எனக்கு மூச்சு முட்டுகிறது. மழையும் பனியும் வந்து ஜன்னலை மூடிவிட்டால் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருக்கிறோம்.

அம்மாவுக்கு எழுதிவிடாதே, என் மேல் ஆணை.

ஜோதி


குன்னூர்
16.4.2001

அன்புள்ள அக்கா,

சித்திரை பிறந்த அன்று உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். சுகமா என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இத்துடன் விரலுக்கு ஒரு களிம்பு வைத்திருக்கிறேன். நாற்றம் அடிக்கும், ஆனால் கேட்கும்.

ஓடி வந்து உங்களைக் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்று பையைக்கூட எடுத்தேன். முடியவில்லை. டாக்டர் ஜஸ்டஸுக்கு என் தப்பு இப்போது தங்கப்புதையல். உதவித்தொகையை இன்னொரு வருடம் நீட்டிவிட்டார். பிழைத்த சுண்டெலிகள் தாமாகச் சாகிறவரை நான் தினமும் பார்க்க வேண்டும். அவை சாகாமல் நான் இங்கிருந்து நகர முடியாது. அவற்றுக்கோ சாகிற உத்தேசமே இல்லை.

உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்? எனக்கு அந்தக் கூண்டுகளைப் பார்க்கப் பிடிக்கவில்லை. அரைகுறை வைரஸை முழு வைரஸோடு சேர்த்து, ஆரம்பத்திலேயே ஏற்றினால் சில எலிகள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகின்றன. தாமதித்து ஏற்றினால் பயனேயில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவைதான் பாவம். மூளைக்குள் வைரஸ் இருக்கிறது, ஆனால் கொல்வதில்லை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லை, ஆனால் தானியம் போட்டால் முன்னங்காலால் ஊர்ந்து வந்து தின்கின்றன. “இதுக சாகலைனு சந்தோசப்பட்டது தப்புங்க அம்மிணி” என்றாள் தெய்வம்மா. இப்போது அவள் கேரட் கொண்டுவருவதில்லை.

பள்ளிக்கூடத்தில் மே கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். தயவுசெய்து.

இந்து


நாடுகாணி
20.5.2001

அன்புத் தங்கைக்கு,

களிம்பு வந்தது. நாற்றத்துக்கு ரோஸ்மேரி சேச்சியின் ஆடுகூட ஒதுங்கிப் போகிறது. விரல் ஆறிவிட்டது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் பத்துத் தடவை படித்திருப்பேன். எலிகளைப் பற்றி எழுதியதைத்தான். கொல்லவும் விடாமல், பிழைக்கவும் விடாமல் நடுவில் நிறுத்தி வைப்பது எதுவென்று உனக்கு மைக்ராஸ்கோப் வேண்டியிருக்கிறது. எனக்கு அரிசிப் பானை போதும். மாதாமாதம் அந்தப் பானையை நிரப்பியவள் நான். அதைத் திறந்து காட்டித்தான் அவர் சமாளிக்கிறோம் என்றார். பானை காலியாக இருந்தால் எப்போதோ ஒரு முடிவு வந்திருக்கும், நல்லதோ கெட்டதோ. பயத்தில் நான்தான் அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை அவர் ஷூ போடும்போது, “ஏனுங்க, இன்னைக்கு எங்கூட வாங்க” என்றேன். ஏன், எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். ஓடையைத் தாண்டினோம். சேச்சியின் வீட்டுத் திண்ணையில் மாட்டியிருந்த படங்குச் சாக்கை எடுத்து இடுப்பில் கட்டி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு செடிக்குள் இறங்கினேன். அவர் வரப்பில் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. கை அது பாட்டுக்குப் பறித்தது. வெகுநேரம் கழித்து, “முத்தின எலையெல்லாம் சேத்துப் பறிக்கறயே, புள்ள” என்று குரல் கேட்டது. டீ மேக்கருக்கு அதுதான் கண்ணில் பட்டிருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. திரும்பினேன். குழந்தை மாதிரி அழுதுகொண்டிருந்தார்.

அன்று அவர் ஃபேக்டரிக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. சாயங்காலம், “வர்ஷா போகட்டும். இந்துகிட்ட எழுதீரு” என்றார். மறுநாள் என்னோடு செடிக்கு வந்தார். ஷூ போட்டுக்கொண்டுதான் வந்தார்.

பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடு. ஜூன் மூன்றாம் தேதி வருகிறோம். என் புடவைகளையும் எடுத்து வைத்திருக்கிறேன். குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்றிரு. சேச்சி ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், துணைக்கு அவளும் வருவாள்.

உன்னைப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஜோதி


நாடுகாணி ஜங்ஷன்
3.6.2001

இந்து,

டீக்கடையில் பேனா வாங்கி அவசரத்தில் எழுதுகிறேன். சுகம் விசாரிக்க நேரமில்லை.

வர்ஷாவை மட்டும் அனுப்புகிறேன். சேச்சி குன்னூர் வரை கொண்டுவந்து, இந்தக் கடிதத்தோடு உன்னிடம் விடுவாள்.

வரத்தான் கிளம்பினேன். பொய்யில்லை. என் பையை அவரேதான் தூக்கி வந்தார். இங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது, “நீயும் நல்லா இருந்துக்கோ ஜோதி. அங்கயே இருந்துக்கோ. ஊட்டை நான் பாத்துக்கறேன், கம்பெனிக்காரன் கேட்டா நான் இருக்கறேன்ல” என்றார். போகாதே என்று சொல்லியிருந்தால் ஏறியிருப்பேன்.

ஆரம்பத்திலேயே கொடுத்தால் முழுசாகப் பிழைத்து ஓடும் என்று எழுதினாயே. அவளுக்கு இன்னும் ஆரம்பம்தான். என் கால் நகரவில்லை, இந்து. நகர்த்திப் பார்த்தேன்.

அம்மா வராவிட்டால் பஸ் ஏற மாட்டேன் என்கிறாள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லி ஏற்றுகிறேன். மற்றதை நீ சொல்லிக்கொள்.

ஜோதி


குன்னூர்
5.6.2001

அன்புள்ள அக்காவுக்கு,

வர்ஷா நல்லபடியாக வந்து சேர்ந்தாள். வாந்தி எடுக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன், சீருடை கொஞ்சம் பெரிசு, வளர்ந்துவிடுவாள். மாமா சுகமா? நீ சுகமா? உண்மையாகவே கேட்கிறேன்.

உன் மேல் எனக்கு வந்த கோபத்தை எழுத ஆரம்பித்து இரண்டு இன்லண்டைக் கிழித்துப் போட்டேன். இப்போது கோபமில்லை.

முந்தாநாள் பஸ்ஸை விட்டு இறங்கியதும் வர்ஷா பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். “அம்மா அடுத்த பஸ்ஸுல வர்றாங்க சித்தி, இங்கயே இருக்கலாம்” என்றாள். பன் வாங்கிக் கொடுத்தேன், மடியிலேயே வைத்திருந்தாள். கூடலூரிலிருந்து வருகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எழுந்து நின்றாள். கடைசி பஸ் வந்து எல்லோரும் இறங்கிய பிறகு கண்டக்டரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே ஏறினாள். ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். அழவில்லை.

நேற்றும் பள்ளிக்கூடம் விட்டதும் போக வேண்டும் என்றாள். கூட்டிக்கொண்டு போனேன். நீ வரமாட்டாய் என்று சொல்ல வாயைத் திறந்தேன் அக்கா, திறந்து, “மழையில் பஸ் லேட்டாகியிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம்” என்றேன். உடனே முகம் தெளிந்து பன்னைத் தின்றாள்.

இன்று சாயங்காலமும் போகிறோம்.

இந்து